குமரி மாவட்டத்து வீட்டுத்தோட்டமும் பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் புதிதாக வீடு கட்டியவர்களும், பழைய வீட்டின் முற்றத்தையும் புறக்கடையையும் திருத்தி அமைக்க நினைப்பவர்களும், கண்ணுக்கு அழகாகவும் பறவைகள் நாடி வரும்படியாகவும் தோட்டம் அமைப்பது குறித்துக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. நாகர்கோவிலில் ஐந்து சென்ட் மனையில் நிற்கும் வீட்டுக்கும், விளவங்கோட்டில் ஒரு விளைக்கு (மரங்கள் நிறைந்த தோட்டநிலத்துக்கு) நடுவே நிற்கும் வீட்டுக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது என்பதால், வேறுபாடு தேவைப்படும் இடங்களில் அது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

பறவைகள் வர வேண்டுமென்றால் தோட்டத்தைக் காடுபோல் வளர விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. பறவை தேடுவது உணவு, தண்ணீர், மறைவிடம், கூடு கட்ட இடம் ஆகிய நான்கையும்தான். இவை நான்கும் வெவ்வேறு உயரங்களில் கிடைக்கும் தோட்டத்தில் பறவைகளின் வகையும் கூடும். நம் மாவட்டத்துப் பழைய வீட்டு விளைகளில் இந்த அமைப்பு இயல்பாகவே இருந்தது. மேலே தென்னையும், பலா இனத்து மரமான அயனியும், பலாவும், அவற்றின்மேல் படரும் நல்லமிளகுக் கொடியும், நடுவில் முருங்கை, கொய்யா, கறிவேப்பிலை ஆகியனவும், அவற்றுக்குக் கீழே வாழையும் செம்பருத்தியும் தெற்றியும் (இட்லிப்பூச்செடி), தரையில் சருகும் புல்லுமாக நான்கைந்து அடுக்குகள் இருக்கும். உச்சியில் மாங்குயில், நடு அடுக்கில் சின்னான், புதரில் தையல்சிட்டு, தரையில் தவிட்டுக்குருவி என்று ஒவ்வொன்றும் தன் உயரத்தைத் தேர்ந்துகொள்ளும். இந்த அடுக்குகளைக் கலைத்துவிட்டு, வரிசையாக நட்ட ஒரே உயரச் செடிகளையும் நடுவில் புல்தரையையும் மட்டும் வைத்தால் தோட்டம் படத்தில் நன்றாக இருக்கும். பறவைக்கு அங்கே வேலை இருக்காது.

அழகைப் பொறுத்தவரை, ஒழுங்கு தேவைப்படுவது ஓரங்களில்தான் என்பது என் கருத்து. நடைபாதையின் விளிம்பு தெளிவாகவும், வாசலை ஒட்டிய செடிகள் குட்டையாகக் கத்தரிக்கப்பட்டும் இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள புதர் எவ்வளவு அடர்ந்திருந்தாலும் அது திட்டமிட்டு வளர்த்ததாகவே தோன்றும். விளிம்புக்குச் செம்பாறைக் கல்லோ செங்கல்லோ வரிசையாகப் பதித்தாலே போதும். இன்னொன்று: வகைக்கு ஒன்றாக இருபது செடிகளை வாங்கி நடுவதைவிட, ஒரே வகையில் மூன்று, ஐந்து எனக் கூட்டமாக நடுவது பார்வைக்கும் நிறைவாக இருக்கும், தேன்சிட்டுக்கும் ஒரே இடத்தில் போதிய பூக்கள் கிடைக்கும்.

எங்களுக்கு ஐந்து சென்ட் மனைதான் இருக்கிறது. அதிலும் வீடு போக மீதி சொற்பம். அதற்குள் என்ன செய்ய முடியும்?

ஒரு சிறு மரம், மதிலை ஒட்டி ஒரு புதர் வரிசை, ஒரு கொடி, ஒரு தண்ணீர்ச் சட்டி ஆகியவை போதும். சிறு மரத்துக்குக் கறிவேப்பிலையைவிட நல்ல தேர்வு கிடையாது. இலை சமையலுக்கு ஆகும், கறுத்துப் பழுத்த பழத்தைக் குயிலும் சின்னானும் தின்னும். கத்தரித்து உயரத்தைக் கட்டுப்படுத்த முடிந்தால் கொய்யாவும் ஏற்றதே. மதிலோரம் தெற்றி, செம்பருத்தி, ஆடாதொடை ஆகியவற்றை நெருக்கமாக நட்டு, இருக்கும் கம்பியழியில் முல்லையையோ பிச்சியையோ ஏற்றிவிடலாம். பக்கத்து வீட்டு மாமரமும் எதிர்வீட்டுத் தென்னையும் பறவைக்கு உங்கள் தோட்டத்தின் மேலடுக்குதான். அதற்கு மதில் தெரியாது. ஆகவே அக்கம்பக்கத்தில் உயர்ந்த மரங்கள் இருக்குமானால் நீங்கள் புதரிலும் தண்ணீரிலும் மட்டும் கவனம் செலுத்தலாம். மொட்டைமாடி மட்டுமே உள்ளவர்கள், பெரிய தொட்டியில் ஒற்றையடுக்குச் செம்பருத்தியையும், நிழல் விழும் மூலையில் ஆழமில்லாத மண்சட்டியையும் வைத்துத் தொடங்கலாம்.

எந்தெந்தப் பறவைகளை எதிர்பார்க்கலாம்?

ஆண்டு முழுவதும் வீட்டைச் சுற்றிக் காணப்படுபவை மைனா, செம்மீசைச் சின்னான், செங்குதச் சின்னான், ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு, தையல்சிட்டு, குண்டுகரிச்சான், தவிட்டுக்குருவி, மாம்பழச்சிட்டு, செம்போத்து, குயில், வால்காக்கை, வெண்மார்பு மீன்கொத்தி, பொன்முதுகு மரங்கொத்தி, புள்ளி ஆந்தை ஆகியவை. மேற்குப் பகுதியில் வெண்கன்னக் குக்குறுவானின் கூவல் பகல் முழுவதும் கேட்கும். கிழக்கே செம்மார்புக் குக்குறுவானின் சீரான தட்டொலியை மிகுதியாகக் கேட்கலாம்.

ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியூர் விருந்தாளிகளின் காலம். நீலவால் பஞ்சுருட்டான் மின்கம்பிகளில் வந்து அமரும். அரசவால் ஈப்பிடிப்பான் நிழல் அடர்ந்த தோட்டங்களுக்குள் புகுந்து திரியும். காலையும் மாலையும் இருமுறை குரல் கொடுத்துவிட்டு மறையும் ஆறுமணிக்குருவி, சருகு கிடக்கும் நிழலான விளைகளை நாடும். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை எனக் காட்டை ஒட்டி வாழ்வோருக்குத் துடுப்புவால் கரிச்சானும் மலைமைனாவும்கூடக் கிடைக்கும் பேறுகள். சுசீந்திரம், தேரூர், மணக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு நீர்ப்பறவைகள் அண்டை வீட்டார். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வாத்தினங்கள் வீட்டுத்தோட்டத்துக்கு வரப்போவதில்லை என்றாலும், வயலோரம் நிற்கும் ஒரு பெரிய மரத்தை வெட்டாமல் விட்டால் கொக்குகள் இரவில் அடைவதற்கு அது பயன்படும்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே செடிகள் பொருந்துமா?

பொருந்தா. பரப்பளவில் சிறிய மாவட்டமாக இருந்தும், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுவதாலும், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலும் இருப்பதாலும், இருபது கிலோமீட்டருக்குள் மண்ணும் மழையும் மாறிவிடுகின்றன. இதைக் கவனிக்காமல் நாற்றங்காலில் பார்த்த செடியைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கி வருவதுதான் பெரும்பாலான தோட்டங்கள் இரண்டாம் ஆண்டிலேயே வாடிப்போவதற்குக் காரணம்.

விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு வட்டங்களில் மழை மிகுதி. செம்மண்ணும் செம்பாறை மண்ணும் கலந்த நிலம். அங்கே அயனி, பலா, நாவல், கிராம்பு, வாழை, மிளகு எல்லாம் தடையின்றி வளரும். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதே வேலை. தோவாளை வட்டத்தில், குறிப்பாக ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி, ஆனி ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று காற்றாலைகளுக்கு வரமாக இருந்தாலும் இளங்கன்றுகளுக்குத் தொல்லைதான். அங்கே தோட்டத்தின் மேற்கு எல்லையில் முதலில் வேம்பு, புங்கு, பூவரசு ஆகியவற்றை இரட்டை வரிசையாக நட்டு, அவை காற்றைத் தடுக்கத் தொடங்கிய பிறகே பூஞ்செடிகளை நடுவது நல்லது. கூடு கட்டும் பறவைகளும் அந்தக் காற்றில்லா மறைவைத்தான் தேடும். வேம்பின் பழத்தைக் குயில், மைனா, காக்கை ஆகியவை விரும்பி உண்ணும் என்பது கூடுதல் ஆதாயம்.

கடலோர ஊர்களில் மணலும் உப்புக்காற்றும் எந்தச் செடி நிற்கும் என்பதை முடிவு செய்கின்றன. புன்னை, பூவரசு, பனை, கொல்லாமரம் (முந்திரி), நொச்சி ஆகியவை அங்கே நிற்கும். பனையை யாரும் அலங்கார மரமாக எண்ணுவதில்லை. ஆனால் பனை உழவாரன் கூடு ஒட்டுவது பனையோலையின் உட்புறத்தில்தான், தூக்கணாங்குருவியும் பெரும்பாலும் அதைத்தான் தேர்ந்துகொள்கிறது. அகத்தீஸ்வரம் பக்கத்தில் மனை வாங்குவோர் அதில் நிற்கும் பனைகளை வெட்டிவிட்டுப் பாக்கு வகை அலங்காரச் செடிகளை நடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தேன்சிட்டுகளுக்கு ஏற்ற பூக்கள் எவை?

செம்பருத்தி, தெற்றி, ஆடாதொடை, முருங்கை, வாழை, முள்முருக்கு ஆகியவை முதல் வரிசையில் வரும். குழல்போல் நீண்ட பூக்களும் சிவப்பு, செம்மஞ்சள் நிறப் பூக்களும் தேன்சிட்டை எளிதில் ஈர்க்கும். செம்பருத்தியில் அடுக்குப்பூ வகையைத் தவிர்த்து ஐந்து இதழ் கொண்ட நாட்டு வகையையே நடவேண்டும்; இதழ்கள் பெருகிய வகைகளில் பறவை தேனை எட்டுவது கடினம். வாழை குலை தள்ளிவிட்டால் பூவை உடனே ஒடித்துவிடாமல் சில நாட்கள் விட்டு வைத்தால், மடல் ஒவ்வொன்றாக விரியும்போது தேன்சிட்டும் சின்னானும் மாறி மாறி வந்து அருந்துவதைச் சமையலறைச் சன்னலிலிருந்தே காணலாம். ஏத்தன், மட்டி, செந்துளுவன் என்று எந்த வாழையானாலும் சரி. முள்முருக்கு, தை மாசியில் இலை உதிர்த்துச் சிவக்கப் பூக்கும் காலத்தில், மைனா, கரிச்சான், காக்கை உட்பட ஊரிலுள்ள பறவைகள் எல்லாம் அங்கே கூடிவிடும். மிளகுக்குத் தாங்கு மரமாகவும் அது பயன்படும்.

தெற்றிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. பூ முடிந்தபின் வரும் சிவந்த சிறு பழங்களையும் சின்னான் தின்னும். ஆனால் மாதம் தவறாமல் வேலிபோல் மட்டமாக வெட்டிக்கொண்டிருந்தால் பூவும் வராது, பழமும் வராது.

பழமரம் வைத்தால் பறவைகளே எல்லாவற்றையும் தின்றுவிடுகின்றனவே?

ஒரு பங்கு போகத்தான் செய்யும். வீட்டுக்குத் தேவையானதைக் கைக்கெட்டும் உயரத்தில் பறித்துக்கொண்டு, உச்சிக்கிளைப் பழங்களை விட்டுவிடுவது நடைமுறையில் இரு தரப்புக்கும் ஒத்துவரும் ஏற்பாடு. பப்பாளியில் மேலே பழுக்கும் ஒன்றிரண்டை விட்டுவைத்தால் குக்குறுவானும் குயிலும் நாள் தவறாமல் வரும். மரத்திலேயே பழுத்து வெடிக்கும் கூழஞ்சக்கையையும் (சுளை குழைவான பலாப்பழம்) இறக்க முடியாவிட்டால் அப்படியே விடலாம், வால்காக்கை பார்த்துக்கொள்ளும். காப்பாற்ற வேண்டிய பழங்களுக்குத் தனித்தனியாகத் துணிப்பையோ காகிதப்பையோ கட்டலாம். மரத்தையே மூடும் நைலான் வலையைப் போடவேண்டாம். பறவையும் வௌவாலும் சிக்கி, அவிழ்க்க ஆளில்லாமல் அதிலேயே செத்துப்போகின்றன.

விரைவில் பலன் வேண்டுவோருக்குப் பலரும் பரிந்துரைப்பது தேன்பழ மரம். அது வெளிநாட்டு மரம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் காய்த்து, ஆண்டின் பெரும்பகுதியும் பழம் தருவதால் பூக்கொத்தி, சின்னான் ஆகியவை அதை விட்டு அகலமாட்டா. பறவை எச்சத்தின் வழியே தானாக முளைத்துப் பெருகும் இயல்பும் அதற்கு உண்டு. வெறும் மனையில் மற்ற மரங்கள் எழும்வரை நிழலுக்காக ஒன்றை வைத்திருந்து, பிறகு அகற்றிவிடுவதே சரியென்று நினைக்கிறேன்.

ஆல், அரசு, அத்தி மரங்கள் பறவைகளுக்கு மிக நல்லவை என்கிறார்களே, வீட்டில் நடலாமா?

நல்லவை என்பது உண்மை. வேறு பழங்கள் இல்லாத காலத்திலும் அவை காய்ப்பதால் குக்குறுவான், குயில், மைனா, பச்சைப்புறா எனப் பல பறவைகள் அவற்றையே நம்பியிருக்கின்றன. ஆனால் அவற்றின் வேர் சுவரையும் கிணற்றின் கட்டையும் பிளக்கும். அரை ஏக்கருக்குக் குறைவான மனையில் நடவேண்டாம். கோவில் வளாகம், குளக்கரை, பள்ளி மைதானம் போன்ற பொது இடத்தில் ஊரார் சேர்ந்து ஒன்றை நட்டு வளர்ப்பது மேல்.

மதில் கட்டிவிட்டோம். இனி உயிர்வேலிக்கு இடமுண்டா?

உண்டு. மதிலின் உட்புறம் இரண்டடி அகலத்துக்கு மண் விட்டு, அதில் களா, மருதாணி, ஆடாதொடை, நொச்சி ஆகியவற்றைக் கலந்து நெருக்கமாக நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அடர்ந்த வரிசையாகிவிடும். களாவின் முள் பூனையைத் தடுக்கும். அதன் பழம் பறவைக்கும் ஊறுகாய்க்கும் ஆகும். மதில்மேல் கோவைக்கொடியை ஏற்றினால் அதன் சிவந்த பழத்துக்குக் கிளியும் சின்னானும் வரும். வேலியைக் கத்தரிப்பதைக் கூடு கட்டும் மாதங்களில் தவிர்க்க வேண்டும். இங்கே பல பறவைகள் தை முதல் ஆடி வரை கூடு கட்டுவதால், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னதாகப் புரட்டாசியில் கத்தரித்துக்கொள்வது பொருத்தமான காலம்.

முற்றம் முழுவதும் இன்டர்லாக் கல் பதித்துவிட்டால் சேறும் குப்பையும் இல்லாமல் இருக்குமே?

இருக்கும், மண்புழுவும் இருக்காது, மழைநீரும் இறங்காது, வெயிலில் முற்றம் கொதிக்கும். வண்டி நிற்கும் இடத்துக்கும் நடக்கும் பாதைக்கும் மட்டும் கல் பதித்து, மீதியை மண்ணாக விடுவதே நல்லது. ஏற்கெனவே பதித்தவர்கள் மதிலோரமாக இரண்டடிப் பட்டையையும், நடுவில் ஒரு மரத்துக்கான சதுரத்தையும் பெயர்த்தெடுத்தால் பாதி குறை தீரும். புல்தரை சிறிதாக ஓரிடத்தில் இருப்பதில் தவறில்லை. கொண்டலாத்தியும் மைனாவும் குட்டைப் புல்லில்தான் இரை தேடும். முற்றம் முழுவதற்கும் புல்தரை என்றால் கோடையில் அதற்கு ஊற்றும் தண்ணீரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வைத்தால் கொசு பெருகாதா?

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்பினால் பெருகாது. கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சியடைய ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் தேவைப்படுகிறது. அதற்கு இடம் கொடாமல் இருப்பதே வழி. இதைச் செய்ய ஆளில்லாத வீட்டில் தண்ணீர்ச் சட்டி வைக்காமலிருப்பதே மேல். டெங்குக் காய்ச்சல் பரவும் மழைக்காலங்களில் இது விளையாட்டல்ல.

பாத்திரத்தின் ஆழமே முக்கியம். விளிம்பில் ஒன்றிரண்டு சென்டிமீட்டரும் நடுவில் ஐந்து சென்டிமீட்டருக்கு மிகாமலும் இருந்தால் சிறு பறவைகள் அஞ்சாமல் இறங்கிக் குளிக்கும். வழுவழுப்பான எவர்சில்வர், பிளாஸ்டிக் பாத்திரங்களில் கால் வழுக்கும். சுட்ட மண்சட்டியோ கல்லோ ஏற்றது. பழைய வீடுகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழியைக் கூழாங்கல்லால் முக்கால்வாசி நிரப்பினால் அருமையான பறவைத்தொட்டி கிடைத்துவிடும். சற்றுச் செலவழிக்க விருப்பமுள்ளவர்கள் மயிலாடியில் கல் செதுக்குவோரிடம் ஆழமில்லாத தாமரை வடிவத் தொட்டியொன்றைச் செய்து வாங்கலாம். தோட்டத்தின் நடுவே அதைவிட அழகான பொருள் வேறு வேண்டியதில்லை. தொட்டியைப் புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைக்கவேண்டும்: பருந்தோ வல்லூறோ வந்தால் பறவை ஓடி ஒளியப் புதர் அருகில் இருக்கவேண்டும், பூனை பதுங்கிப் பாயும் அளவுக்கு நெருங்கியும் இருக்கக் கூடாது.

சருகைக் கூட்டாமல் விட்டால் பாம்பு வராதா?

இந்த அச்சம் நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டுத் தோட்டம் அமைக்க முடியாது. வீட்டைச் சுற்றி மூன்று நான்கு மீட்டர் அகலத்துக்குத் தரையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, அதற்கப்பால் உள்ள மரநிழலில் மட்டும் சருகை விட்டுவிடலாம். பாம்பை அழைப்பது சருகைவிட எலியும், எலி தங்கும் விறகுக் குவியலும் கல் குவியலும் சிந்திய தானியமும்தான். ஆகவே விறகைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குவது, சோற்றுப் பருக்கையை முற்றத்தில் கொட்டாமலிருப்பது, இரவில் கைவிளக்கோடு நடப்பது ஆகியவை கட்டாயம்.

சருகுக்கு ஈடான தீவனப்பெட்டி கடையில் கிடைக்காது. அது மக்கும்போது கரையான், பூரான், வண்டின் புழு, மண்புழு எல்லாம் பெருகும். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒவ்வோர் இலையாகப் புரட்டி அவற்றை எடுக்கும். ஆறுமணிக்குருவி உங்கள் வீட்டில் பனிக்காலத்தைக் கழிக்கவேண்டுமென்றால் அதற்கு நிழலும் சருகும் இருந்தே ஆகவேண்டும். காலையில் எல்லாவற்றையும் கூட்டிக் குவித்துத் தீ மூட்டும் பழக்கத்தை விட்டு, தென்னை மூட்டிலும் வாழை மூட்டிலும் போட்டுவிட்டால் உரச்செலவும் குறையும்.

செடியில் புழு விழுந்தால் மருந்து அடிக்கலாமா?

கூடுமானவரை அடிக்க வேண்டாம். இதைச் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் தேன்சிட்டு தேன் மட்டும் குடிக்கும், சிட்டுக்குருவி தானியம் மட்டும் தின்னும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வளர்ந்த பறவையின் உணவு எதுவாக இருந்தாலும், குஞ்சுக்கு அவை இரண்டும் ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் சிலந்தியும் சிறு பூச்சியுமே. பூச்சி இல்லாத தோட்டத்தில் பூவும் பழமும் நிறைந்திருந்தாலும் குஞ்சு பிழைக்காது. எலுமிச்சை, கறிவேப்பிலைக் கன்றுகளில் இலை தின்னும் புழு சில நாளில் வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்துவிடும் அல்லது தையல்சிட்டின் வாயில் போய்விடும். செடி மறுபடி துளிர்க்கும். முருங்கையில் மொத்தமாக இறங்கும் கம்பளிப்புழு மனிதருக்கு அரிப்பைத் தரும். ஆனால் சுடலைக்குயில் போன்ற குயிலினத்துப் பறவைகளுக்கு அது உணவு. வீட்டுச் சுவரில் ஏறும் அளவுக்குப் பெருகினால் அடிமரத்தில் கூட்டமாக இருக்கும் நேரத்தில் தீப்பந்தத்தால் சுடாமல், சோப்புக் கரைசலைத் தெளித்து இறக்கிவிடலாம். அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவற்றுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் அந்த இடத்தில் மட்டும் தெளித்தால் போதும்.

எலி மருந்தையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். விஷம் தின்ற எலியைக் கூகையோ புள்ளி ஆந்தையோ தின்றால் அதற்கும் விஷம் ஏறும். எலிக்கூண்டு வைப்பதே நல்லது.

தானியமும் சோறும் வைக்கலாமா? காக்கைக்குச் சோறு வைப்பது எங்கள் வழக்கம்.

வழக்கத்தை விடவேண்டியதில்லை; கைப்பிடிச் சோறு, உப்பும் குழம்பும் சேராமல், காக்கை அப்போதே தின்று முடிக்கும் அளவில் வைத்தால் போதும். அளவு மிஞ்சினால் காக்கைகள் தோட்டத்திலேயே தங்கி, சின்னானின் முட்டையையும் தேன்சிட்டின் குஞ்சையும் எடுத்துவிடும். தானியமும் அப்படித்தான்: நாள்தோறும் கொட்டினால் மாடப்புறாவும் எலியும் பெருகும். சிட்டுக்குருவியும் சில்லையும் வரவேண்டுமென்றால் தோட்டத்தின் ஒரு மூலையில் கம்பையோ தினையையோ கொஞ்சம் விதைத்துக் கதிரை அறுக்காமல் விடுவது இதைவிட நல்ல வழி.

கூடுப்பெட்டி எப்படி இருக்கவேண்டும்?

சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டியில் 3.2 முதல் 3.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை போதும். அதைவிடப் பெரிதானால் மைனாவும் உள்ளே புகுந்துவிடும். துளைக்குக் கீழே குச்சி பொருத்த வேண்டாம், அது எதிரிகளுக்குத்தான் பிடிமானம். ஓட்டு வீடானால் இறவாரத்தின் அடியிலும், கான்கிரீட் வீடானால் வெயில்தடுப்பின் கீழும், மூன்று மீட்டர் உயரத்தில், தென்மேற்குச் சாரல் நேரே அடிக்காதபடி கிழக்கு நோக்கி மாட்டவேண்டும். அடியில் நீர் வடிய இரண்டு மூன்று சிறு ஓட்டைகள் இடவேண்டும்.

பெட்டியைவிடச் சிறந்தது பட்டுப்போன மரம். வீட்டின்மீதோ வழியின்மீதோ விழும் ஆபத்து இல்லாத இடத்தில் நிற்கும் பட்ட முருங்கையையோ மண்டை போன தென்னையையோ அப்படியே விட்டால், குக்குறுவானும் மரங்கொத்தியும் அதில் பொந்து குடையும். அவை விட்டுச் சென்ற பொந்தில் அடுத்து மைனாவோ குண்டுகரிச்சானோ குடியேறும்.

மின்கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. அகற்றலாமா?

அகற்ற வேண்டாம். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறந்து போகும்வரை ஏறக்குறைய ஒரு மாதம்தான். அதுவரை அந்தக் கம்பியையோ தொங்கும் பூந்தொட்டியையோ அசைக்காமல் விட்டால் போதும். தொட்டிச் செடிக்கு மெதுவாகத் தண்ணீர் ஊற்றுவதால் பறவை போய்விடாது. குழந்தைகளைத் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்லலாம், கைப்பேசியைக் கூட்டுக்குள் நீட்டிப் படமெடுக்க விடக்கூடாது. காட்டுப்பறவைகளின் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவதையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதலில் அடக்குகிறது. நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பதும் அதே சட்டப்படி குற்றம்.

பறவைகள் சன்னல் கண்ணாடியில் வந்து மோதுகின்றன. என்ன செய்வது?

கண்ணாடியில் தெரியும் மரத்தின் பிம்பத்தை உண்மையென்று நம்பிப் பறப்பதால் இது நேர்கிறது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகளோ கோடுகளோ இட்டால் பெருமளவு தவிர்க்கலாம். ஒரே ஒரு பருந்துப் படத்தை ஒட்டுவதால் பயனில்லை. குண்டுகரிச்சானோ சின்னானோ வண்டியின் பக்கக் கண்ணாடியை விடாமல் கொத்துமானால், அது தன் பிம்பத்தைப் போட்டிக்கு வந்த வேறொரு பறவையென்று நினைக்கிறது. கண்ணாடிக்கு ஒரு துணியுறை மாட்டினால் சண்டை நின்றுவிடும்.

வீட்டில் பூனை இருக்கிறது.

அப்படியானால் குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும் காலத்திலாவது அதிகாலையிலும் அந்தியிலும் பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள். தரையில் தண்ணீர் வைக்காதீர்கள். வழுக்கும் உலோகக் குழாய்மேல் தட்டைப் பொருத்தி வைக்கலாம்.

மயில் வந்து நாற்றுகளை எல்லாம் கிளறிவிடுகிறது. அதுவும் பறவைதானே?

பறவைதான், தேசியப் பறவையும்கூட. விரட்டக் கைதட்டலாம், தீங்கு செய்யக்கூடாது. கீரைப் பாத்திகளையும் புதுக்கன்றுகளையும் முள் கிளைகளாலோ மூங்கில் தட்டியாலோ மூடி வைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. மலையடிவாரத்தில் குரங்குகளின் வரவும் இருப்பதால் அங்கே வீட்டுக்கு மிக அருகில் கொய்யாவையும் பப்பாளியையும் நடாமல் சற்று விலக்கி நடுவது நல்லது.

நடக்கூடாத செடிகள் உண்டா?

உண்ணிச்செடியைப் பூவின் அழகுக்காக நடவேண்டாம். அதன் பழத்தைச் சின்னான் தின்பது உண்மை. அந்த வழியில்தான் அது காட்டோரம் முழுவதும் பரவி நாட்டுச் செடிகளை நெருக்கிவிட்டது. சீமைக்கருவேலத்தையும் வேலிக்காக வளர்க்கவேண்டாம். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் வீடுள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்: சுற்றிலும் ஒரே மரம் நிற்பதால் அப்பகுதியில் பறவைக்குப் பழமும் புதரும் தருவது வீட்டு வளாகம் ஒன்றுதான். அங்கே ஒரு நாவல், ஒரு அயனி, கொஞ்சம் வாழை, ஓரத்தில் அடர்ந்த புதர் என்று பழைய விளையின் அமைப்பை அப்படியே வைத்துக்கொள்வது பெரிய உதவி.

எப்போது நடவேண்டும்? கன்றுகள் எங்கே கிடைக்கும்?

மேற்கு வட்டங்களில் ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்கு மழை இறங்கியவுடனும், தோவாளை, அகத்தீஸ்வரம் பகுதிகளில் ஐப்பசி மழையோடும் நடுவது சிறப்பு. எந்த மாதம் நட்டாலும் தை முதல் பங்குனி வரையிலான முதல் கோடையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும். மூட்டில் சருகோ தென்னை மட்டையோ போட்டு மூடினால் ஊற்றும் அளவு குறையும். கன்றுகளுக்குக் கன்னியாகுமரியிலுள்ள அரசுப் பழப்பண்ணையிலும், வனத்துறை நாற்றங்கால்களிலும் கேட்டுப் பார்க்கலாம். தெற்றி, செம்பருத்தி, ஆடாதொடை, முள்முருக்கு ஆகியவற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் ஒரு கம்பு வாங்கி வந்து ஊன்றினாலே வளரும்.

பறவைகள் வரத் தொடங்க எவ்வளவு காலம் ஆகும்?

தண்ணீர்ச் சட்டிக்குச் சில நாட்களிலேயே மைனாவும் காக்கையும் வந்துவிடும். வாழையும் பப்பாளியும் முதல் ஆண்டிலேயே பூவும் காயும் தருவதால் தேன்சிட்டும் சின்னானும் அதற்குள் பழகிவிடும். புதர் அடர்ந்து, கூடு கட்டும் நிலைக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். அயனி, பலா, நாவல் ஆகியவை பலன் தர அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். ஆகவே அவற்றை முதலில் நட்டுவிட்டு, இடைக்காலத்தை வாழையாலும் பப்பாளியாலும் நிரப்புவது முறை.

வருகிற பறவைகளைக் குறித்து வைப்பதால் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. தேதி, நேரம், பறவை, அது என்ன செய்துகொண்டிருந்தது, எந்தச் செடியில் இருந்தது என்ற ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதினால், எந்தச் செடி வேலை செய்கிறது, எது வெறும் அலங்காரமாக நிற்கிறது என்பது ஓராண்டில் தெரிந்துவிடும்; அடுத்த மழைக்கு எதை நடுவது என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஆண்டுதோறும் ஜனவரியில் பொங்கல் நாட்களை ஒட்டித் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு முற்றத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததையும் கேட்டதையும் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு செய்யலாம். குளிர்கால விருந்தாளிகளும் இருக்கும் காலம் அது என்பதால், புதிதாகத் தொடங்குவோர் தங்கள் முதல் பட்டியலை அப்போது எடுப்பது வசதி. அதே கணக்கைச் சித்திரையில் ஒருமுறை எடுத்தால் யார் தங்கியிருக்கிறார்கள், யார் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதும் தெரியும்.